மஸ்கட்டில் நாலு நாள், மால் பக்கம் போகாமல்

"டிசம்பர் கடைசியில் அம்மா, மனைவி, எட்டு வயதுப் பெண்ணோடு நாலு நாள் மஸ்கட் வருகிறோம், மால் வேண்டாம், பழைய இடங்கள், நடக்கிற இடங்கள், கடல், மலை இப்படிச் சொல்லுங்கள், துபாய் மாதிரி அங்கே ஒன்றும் இல்லை என்கிறார்களே, நாலு நாள் அதிகமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருஷமாக மஸ்கட்டின் ரூவி பகுதியில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியார், சித்தப்பா, கூடப் படித்தவன், அவன் மச்சான் என்று எத்தனையோ பேரைக் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டியாகிவிட்டது. அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: இந்த ஊரில் எங்கே போவது என்பது அப்புறம், எத்தனை மணிக்குப் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பதினோரு மணிக்குப் பெரிய பள்ளிவாசல், இரண்டு மணிக்கு மத்ரா சூக், அதாவது பழைய சந்தை, என்று கிளம்பி, இரண்டு இடத்திலும் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு "என்னப்பா ஊர் இது" என்று சலித்துக்கொண்டு திரும்பியவர்கள் நிறைய. அதில் முதல் ஆள் நான்தான்.

துபாய் மாதிரி இல்லைதான். வானத்தை முட்டும் கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் குட்டையாக, வெள்ளையாக, மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடைத்த இடுக்கில் நுழைந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஊர் அகலமே இல்லை, நீளம்தான். மேற்கே விமான நிலையத்திலிருந்து கிழக்கே பழைய மஸ்கட் வரை ஒரே கோடு. ஆகவே தங்குமிடத்தை மத்ரா, ரூவி பக்கமோ குரும் பக்கமோ பிடித்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதல் நாள் காலை சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சனி முதல் வியாழன் வரை காலை 8 மணியிலிருந்து 11 மணி வரைதான் அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. எட்டுக்கே போய் நில்லுங்கள், ஒன்பதரைக்கு மேல் டூரிஸ்ட் பஸ்கள் வரிசை கட்டிவிடும். உடை விஷயத்தில் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சேலை கட்டினால் இடுப்பும் கையும் தெரிகிறது என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், பிறகு அங்கேயே அபாயா வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். முழுக்கை சுடிதார், தலையை நன்றாக மூட ஒரு துப்பட்டா, இது போதும். உங்களுக்கும் முழு பேண்ட். இன்னொன்று, பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை முக்கியத் தொழுகைக் கூடத்துக்குள் விடுவதில்லை, அதனால் நீங்களும் மனைவியும் மாறி மாறித்தான் உள்ளே போக வேண்டும். வெளியில் தோட்டமும் நீண்ட வளைவு நடைகளும் இருக்கின்றன, பெண்ணுக்கு அலுக்காது.

2001-ல் திறந்த கட்டடம். இந்தியாவிலிருந்து 3 லட்சம் டன் மணற்கல் கொண்டுவந்து கட்டினார்கள். உள்ளே போனதும் எல்லாரும் அண்ணாந்து சரவிளக்கைத்தான் பார்ப்பார்கள், 14 மீட்டர் உயரம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் கீழே பார்க்கச் சொல்வேன். கூடம் முழுக்க ஒரே கம்பளம், 4,000 சதுர மீட்டருக்கு மேல், எடை 21 டன், ஈரானில் கொராசான் பக்கத்துப் பெண்கள் 600 பேர் நாலு வருஷமாகக் கையால் முடிச்சுப் போட்டது. முடிச்சின் கணக்கு 170 கோடி. நடப்பதற்கு மேலே தனியாக ஒரு பாதை விரித்திருப்பார்கள், அதன் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும், தூரத்தில் ஒரே சிவப்பாகத் தெரிந்தது பக்கத்தில் போனால் இருபத்தெட்டு நிறமாகப் பிரியும். வெளியே வரும்போது வளாகத்திலேயே ஒரு தகவல் மையம் இருக்கிறது, பேரீச்சம்பழமும் கஹ்வாவும் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். கஹ்வா என்றால் நம் ஃபில்டர் காபி இல்லை, பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, ஏலக்காய் வாசத்தோடு மஞ்சளாக, சின்னக் கோப்பையில். குடித்து முடித்துக் கோப்பையை அப்படியே நீட்டினால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். என் மாமனார் இது தெரியாமல் ஏழு கோப்பை குடித்தார்.

அன்றைக்கு மத்தியானம் ஓய்வு எடுங்கள். ஊரே அப்போது தூங்கும், நீங்களும் தூங்குங்கள்.

மாலையில் மத்ரா. இந்த ஒரு இடத்துக்கு மட்டும் இரண்டு மாலை ஒதுக்கச் சொல்வேன். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஆகவே நாலரைக்குக் கார்னிஷில், அதாவது கடலோரச் சாலையில், இருந்தால் வெயில் மலையின் மேல் ஏறி மறைவதைப் பார்க்கலாம். வளைகுடா ஓரமாகச் சுமார் மூன்று கிலோமீட்டர் நடைபாதை, எதிரே துறைமுகம். சரக்குக் கப்பல்களை 2014-ல் சோகார் துறைமுகத்துக்கு மாற்றிவிட்டதால் இப்போது உல்லாசக் கப்பல்கள், மரத்தாலான தோணிகள், சில சமயம் சுல்தானின் கப்பல் என்று நிற்கும். உல்லாசக் கப்பல் வந்த நாளில் சூக்கில் விலை ஏறும். கப்பல் நிற்கிறதா என்று கார்னிஷில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள், இது உள்ளூர் ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சூக் பகல் ஒரு மணி வாக்கில் அடைத்து நாலு மணிக்குத்தான் திறக்கும், வெள்ளி காலை இருக்காது. கார்னிஷ் பக்கத்து வாசலில் நுழைந்ததும் இருக்கிற கடைகளில் தொங்கும் சால்வை, ஒட்டகப் பொம்மை எல்லாம் வேறு எங்கிருந்தோ வந்தவை, கடைக்காரர்களும் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்து ஆட்கள்தான். அதைத் தாண்டி உள்ளே, இடுக்குச் சந்துகளுக்குப் போங்கள். இதற்கு "இருட்டுச் சந்தை" என்று அரபியில் பழைய பெயர் உண்டு, மேலே கூரை மூடி, பகலிலும் விளக்கு வேண்டியிருந்த காலத்துப் பெயர். உள்ளே போகப் போக வெள்ளிக் கடைகள், கஞ்சர் என்கிற வளைந்த குறுவாள், ஓமானியர் தலையில் வைக்கிற எம்பிராய்டரி போட்ட கும்மாத் தொப்பி, அப்புறம் லூபான்.

லூபானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் சர்ச்சுகளில் குந்திரிக்கம் என்று புகைப்பார்களே, அந்த இனம். தெற்கே டோஃபார் மலையடிவாரத்து மரத்தில் பட்டையைக் கீறிவிட்டால் பால் வடிந்து கட்டியாகும். கடைக்காரர் நாலைந்து சாக்கு திறந்து வைத்திருப்பார், பழுப்பு, மஞ்சள், வெள்ளை, இளம்பச்சை என்று. பழுப்பு மலிவு, வெளிர்பச்சையாகக் கண்ணாடி மாதிரி இருப்பதுதான் ஹோஜரி, உயர்ந்த சரக்கு. ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊடுருவித் தெரிந்தால் நல்லது. கேட்டால் கரித்துண்டின் மேல் ஒன்று போட்டுக் காட்டுவார், எலுமிச்சைத் தோல் கீறிய மாதிரி ஒரு வாசம் முதலில் வரும், புகை அப்புறம்தான். இந்த மரத்துப் பாலுக்காகத்தான் இரண்டாயிரம் வருஷம் முன்பே கப்பல்கள் வந்தன. சலாலா பக்கம் சும்ஹுரம் என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது "ணந்தை கீரன்" என்று தமிழ்-பிராமியில் எழுதிய பானை ஓடு ஒன்று கிடைத்தது, கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில் உள்ளது. சலாலா இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர், இந்த முறை போக முடியாது, ஆனால் லூபான் பொட்டலத்தைப் பையில் போடும்போது கீரனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் அதிகாலை மறுபடி மத்ரா வரலாம், மீன் மார்க்கெட்டுக்கு. 2017-ல் திறந்த புதுக் கட்டடம், நார்வேயின் ஸ்னோஹெட்டா என்ற நிறுவனம் வரைந்தது, கூரை அலை மாதிரி நெளிந்து நிழல் கோடு கோடாக விழும். உள்ளே வாசம் நம் காசிமேடுதான். கானாத் என்று எழுதியிருந்தால் வஞ்சிரம், ஹாமூர் என்றால் களவா. வாங்கா விட்டாலும், ஆள் நீளத்துக்குக் கிடக்கும் சூரையை மேடையில் வைத்து வெட்டுகிறவர் கையைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நிற்கலாம், பெண்ணுக்கு நிச்சயம் பிடிக்கும், மனைவிக்கு உத்தரவாதம் இல்லை.

நீங்கள் மலை கேட்டீர்கள். ஊருக்குள்ளேயே ஒரு மலைப்பாதை இருக்கிறது, வந்து போகிறவர்கள் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ரியாம் பூங்கா, அதாவது மேலே ராட்சதத் தூபக்கால் கட்டி வைத்திருக்கிற பூங்கா, அதற்குப் பின்னால் தொடங்கி மத்ராவின் உட்புறம் இறங்கும் பாதை, சி38 என்று எண். இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பாறையில் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள், அது கண்ணில் படுகிற வரை போங்கள், படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த கோட்டுக்குத் திரும்புங்கள். கடலோரச் சாலை வருவதற்கு முன் ஆட்களும் கழுதைகளும் மலை தாண்ட நடந்த வழி இது, சில இடத்தில் கல்லை அடுக்கிய பழைய படிகள் அப்படியே இருக்கின்றன. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் மொட்டை மலை. அம்மாவை இதில் ஏற்றாதீர்கள். பெண் நடப்பாள், எட்டு வயதுக் குழந்தைகள் நம்மைவிட நன்றாக ஏறும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிமானம் உள்ள ஷூ, காலை ஏழு மணிக்குத் தொடக்கம். நான் முதல் தடவை அரை லிட்டர் பாட்டிலோடு ஒன்பதரைக்கு ஏறினேன், அதுவும் மார்ச்சில். இறங்கியதும் முதலில் தென்பட்ட பெட்டிக்கடையில் ஒன்றும் பேசாமல் மூன்று லபான், அதாவது மோர், குடித்தேன், கடைக்காரர் காசு கேட்கவே கொஞ்ச நேரம் யோசித்தார்.

ஏறும்போது காலடியில் கிடக்கிற கல்லைப் பாருங்கள். கறுப்பும் பழுப்புமாக, மேலே சுட்ட செங்கல் நிறம், உடைந்த இடத்தில் பச்சை. இது சாதாரண மலைக்கல் இல்லை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய பாறை, சுமார் 9.5 கோடி வருஷம் முன் உண்டான கடலடித் தரையோடு சேர்ந்து, அரேபிய நிலத்தின் மேல் தள்ளப்பட்டு இங்கே வெளியில் கிடக்கிறது. நிலவியல் படிக்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் ஓமானுக்கு இதைப் பார்க்க வருகிறார்கள். நாம் அதன் மேல் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடலாம்.

ரியாமிலிருந்து அப்படியே வளைவைத் தாண்டினால் பழைய மஸ்கட். பெயர்தான் மஸ்கட், இன்றைக்கு அங்கே அரண்மனை, அலுவலகங்கள், மியூசியங்கள், சில வீடுகள் மட்டும். நீலமும் தங்கமுமாகத் தூண் வைத்த அல் ஆலம் அரண்மனை 1972-ல் கட்டியது, உள்ளே விடுவதில்லை, கேட்டுக்கு வெளியே நின்று படம் எடுக்கலாம். அரண்மனையின் இரண்டு பக்கமும் பாறை உச்சியில் ஜலாலி, மிரானி என்று இரண்டு கோட்டைகள், போர்த்துக்கீசியர் 1580-களில் கட்டியவை. 1507-ல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் வந்து ஊரைப் பிடித்தான், 1650-ல் ஓமானியர் அவர்களைத் துரத்தினார்கள், நடுவில் உள்ள அந்த நூற்று நாற்பது சொச்சம் வருஷத்தின் மிச்சம் இந்தக் கோட்டைகள்.

அங்கே துறைமுகப் பாறைச் சுவர்களைக் கூர்ந்து பாருங்கள். வெள்ளைப் பெயிண்டில் பெயர்கள் எழுதியிருக்கும், மங்கிப்போய். வந்துபோன கப்பல்களின் மாலுமிகள் தங்கள் கப்பல் பெயரை எழுதிவிட்டுப் போவது பழைய வழக்கம். நம் ஆட்கள் கோயில் சுவரில் "ராஜா வந்தான்" என்று கிறுக்குகிற அதே புத்திதான், ஆனால் கடலிலிருந்து பார்க்கிற மாதிரி அத்தனை பெரிதாக எழுத எப்படி ஏறினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். இந்த ஊருக்குச் சுற்றுச்சுவரும் வாசலும் இருந்தன. 1970 வரைக்கும் இரவு ஒரு நேரத்துக்கு மேல் வாசலை அடைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு தெருவில் நடக்கிறவன் கையில் லாந்தர் இருக்க வேண்டும். இன்றைக்கு அறுபது எழுபது வயதில் இருக்கும் ஓமானியர்களுக்கு அது கேள்விப்பட்ட கதை இல்லை, சின்ன வயதில் பார்த்தது.

மியூசியம் ஒன்றுதான் பார்ப்பேன் என்றால் அரண்மனைக்கு எதிரே இருக்கும் தேசிய அருங்காட்சியகம். 2016-ல் திறந்தது. கடல்வழி வரலாற்றுப் பகுதியில் மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். இரண்டு பார்க்க நேரம் இருந்தால் பைத் அல் ஸுபைர், ஒரு குடும்பம் 1998-ல் ஆரம்பித்த தனியார் மியூசியம், கஞ்சர்களும் பெண்களின் பழைய வெள்ளி நகைகளும் அருமையாக இருக்கும், வெளியே முற்றத்தில் ஒரு சின்னக் கிராமமும் வாய்க்காலும் அமைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு அதுதான் பிடிக்கும், தேசிய அருங்காட்சியகத்தில் அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டாள். அம்மாவுக்கு இந்தப் பக்கமே, அரண்மனைக்கு அருகில், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சிவன் கோயில் இருக்கிறது, வணிகம் செய்ய வந்த குஜராத்திகள் வழி வந்தது. தார்சைத்தில் கிருஷ்ணன் கோயில். திங்கட்கிழமை என்றால் சிவன் கோயிலில் கூட்டம் இருக்கும்.

இங்கிருந்து அல் புஸ்தான் பக்கம் பத்து நிமிஷம் காரில் போனால் ரவுண்டானாவின் நடுவில் ஒரு மரக்கப்பல் நிற்கும். எல்லாரும் அலங்காரம் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் பெயர் சோகார். டிம் செவரின் என்ற பயணி, பழைய அரபுக் கப்பல்கள் உண்மையிலேயே சீனா வரை போயிருக்க முடியுமா என்று பார்க்க, ஓமானின் சூர் ஊரில் கட்டிய கப்பல். ஒரு ஆணி கிடையாது. மலபாரிலிருந்து மரம், தேங்காய் நார்க் கயிறு, பலகையில் துளை போட்டு நாரால் தைத்தது. 1980 நவம்பரில் கிளம்பிக் கேரளக் கரை, இலங்கை, சுமத்ரா, சிங்கப்பூர் வழியாக 1981-ல் சீனாவின் கான்டன் போய்ச் சேர்ந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு பக்கத்தில் போய்த் தையலைப் பாருங்கள், நம் ஊர் கட்டில் கயிறு மாதிரிதான் இருக்கும். இதை நம்பி ஒருத்தன் இந்தியப் பெருங்கடலில் இறங்கினான்.

மூன்றாம் நாள் கடல். அல் ரவ்தா படகுத்துறையிலிருந்து காலையில் டால்பின் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள், இரண்டு மணி நேரம். டைமானியத் தீவுகளும் நல்ல இடம், ஒன்பது தீவு, ஆமைகள், 1996 முதல் காப்பகம், டிசம்பரில் கரையில் இறங்கவும் அனுமதி உண்டு. ஆனால் குளிர்காலத்தில் சில நாள் கடல் குதிக்கும், நேரமும் அதிகம், அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். டால்பினே போதும். படகுக்காரர் தரும் லைஃப் ஜாக்கெட் குழந்தைக்குப் பொருந்துகிறதா என்று கரையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அன்று மாலை குரும் கடற்கரை. அலை குறைவு, மணல் கெட்டியாக இருக்கும், ஐந்து மணி ஆனால் ஓமானிப் பையன்கள் கல்லை வைத்து கோல் போஸ்ட் செய்து கரை நெடுக ஃபுட்பால் ஆடுவார்கள், கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். "குரும்" என்றாலே அலையாத்தி மரம் என்று அர்த்தம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பார்க்கிற அதே மரம்தான், கடற்கரையை ஒட்டி ஒரு சின்னக் காடாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். படகு எல்லாம் கிடையாது, ஓரத்தில் நின்று கொக்கு நாரை பார்க்கலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஓபரா ஹவுஸ், 2011-ல் திறந்தது. பகலில் சுற்றிக் காட்டுகிறார்கள், ஆனால் உங்கள் தேதியில் ஏதாவது நிகழ்ச்சி இருந்தால் மேல் மாடி டிக்கெட்டாவது எடுத்துவிடுங்கள், அந்த மர வேலைப்பாட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது வேறு. ஜீன்ஸோடு போகாதீர்கள்.

நாலாம் நாளைக்கு ஊரைவிட்டு வெளியே. எல்லாரும் வாதி ஷாப் என்கிற பள்ளத்தாக்கைச் சொல்வார்கள், அழகுதான், ஆனால் பாறையில் முக்கால் மணி நேரம் நடந்து அப்புறம் நீந்த வேண்டும், உங்கள் குடும்பத்துக்கு அது சரிப்படாது. அதற்குப் பதில் அதே சாலையில் பிம்மா பள்ளம், சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். சுண்ணாம்புப் பாறை கீழே கரைந்து கூரை உடைந்து விழுந்த குழி, அடியில் பச்சைத் தண்ணீர், இறங்கப் படி கட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நட்சத்திரம் விழுந்த பள்ளம் என்பார்கள். காலை நனைத்தால் சின்ன மீன்கள் வந்து கடிக்கும், பெண் கத்துவாள், கத்தட்டும். அம்மா மேலே நிழலில் உட்காரலாம். போகிற வழியில் மழை என்று கேள்விப்பட்டால் மட்டும் திட்டத்தை மாற்றுங்கள். வாதி என்பது காய்ந்த ஆறு, உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழை திடீரென்று வந்து சாலையை மறிக்கும். தண்ணீர் ஓடுகிற வாதியில் காரை இறக்குவது இங்கே குற்றமும்கூட.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், ரூவியில் இட்லி, தோசை, புரோட்டா எல்லாம் நடக்கிற தூரத்தில். ஆனால் ஒரு இரவாவது சாலையோரத்தில் இறைச்சித் துண்டுகளைக் கம்பியில் குத்திக் கரியில் வாட்டும் மிஷ்காக் சாப்பிடுங்கள், மேலே புளிச் சட்னி ஊற்றித் தருவார்கள். டாக்ஸியில் ஏறும் முன் விலை பேசுங்கள் அல்லது ஆப்பில் கூப்பிடுங்கள், கார் வாடகைக்கு எடுத்தால் இன்னும் நல்லது. ஒரு ரியால் ஆயிரம் பைசா, டாலரில் 2.60, நோட்டைக் கொடுக்கும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக் கொடுங்கள்.

ஊருக்கு வாங்கிப் போக அல்வா. ஓமானி அல்வா நம் திருநெல்வேலி அல்வா மாதிரி கோதுமைப் பால் இல்லை, ஸ்டார்ச்சும் சர்க்கரையும் நெய்யும் குங்குமப்பூவும் பன்னீரும் செம்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கிண்டுவது. முதலூர் மஸ்கோத் அல்வாவின் பெயரே மஸ்கட்டிலிருந்து வந்தது என்று தூத்துக்குடிக்காரர்கள் சொல்வார்கள், இலங்கையிலும் மஸ்கட் என்றே ஒரு இனிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் ருசியில் சம்பந்தம் உண்டா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கடையில் கேட்டால் ஸ்பூனில் கொஞ்சம் தருவார்கள், கறுப்பு ஒன்று, குங்குமப்பூ போட்டது ஒன்று, இரண்டையும் ருசி பார்த்துவிட்டு எடுங்கள். டப்பாவை மட்டும் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கொழகொழவென்று இருப்பதால் என் மாமியாருடைய டப்பாவை ஸ்கேனரில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள், விமானத்தில் சென்னை வரைக்கும் அதைப் பற்றித்தான் பேச்சாம்.